நீலக்குழியின் விளிம்பில்

முப்பத்திரண்டு ஆண்டுகளாக நான் வகுப்பறைக் கரும்பலகையில் ஒரே படத்தை வரைந்து வந்தேன். நடுவே ஒரு தீவு. அதனைச் சுற்றி முருகைக்கற்பார். பின்னர் தீவு சிறிது சிறிதாகத் தாழ்ந்து மறைய, பார் மட்டும் மேலே வளர்ந்து வளையமாக எஞ்சி நிற்பது. 1842 ஆம் ஆண்டில் சாள்ஸ் டார்வின் வெளியிட்ட நூலிற் கூறப்பட்ட கருத்து அது. மாணவர் அதனைப் பார்த்து வரைந்து பரீட்சையிற் புள்ளியும் பெற்றனர். வரைந்து காட்டிய ஆசிரியரோ உயிருள்ள முருகைக்கல்லை ஒரு நாளேனும் நீருக்கடியிற் கண்டவரல்லர்.

வடமராட்சிக் கரையிற் பிறந்தவனுக்கு இது வெட்கம்தான். எங்கள் வளவு மதில் முருகைக்கல்லாற் கட்டியது. சுவருக்குப் பூசிய சுண்ணாம்பும் அதனை நீற்றி எடுத்ததே. ஆயினும் அக்கல்லை இறந்த நிலையிலேயே நாம் அறிந்திருந்தோம். நான் தொழிலில் ஊன்றிய காலமோ போர்க்காலம். கரையோரம் பல இடங்களில் முட்கம்பியும் காவலரணுமாக இருந்தது. மாணவரைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று பாடம் நடத்துவது பற்றி நினைக்கவும் இயலாது. அந்த வகுப்பிலே முன்வாங்கில் இருந்தவர்களுள் என் மகளும் ஒருத்தி.

அவள் இப்போது ரொறன்ரோவில் வாழ்கின்றாள். நான் ஓய்வு பெற்றபின் ஒரு நாள் தொலைபேசியில், “அப்பா, நீங்கள் கீறின அந்த வளையத்தைப் போய்ப் பார்ப்பமா?” என்று கேட்டாள். விளையாட்டாக ஓம் என்றேன். அவள் விளையாடவில்லை. கரீபியன் கடலிலே, பெலீஸ் நாட்டுக்கு அப்பால், ஒரு வாரம் கப்பலிலேயே தங்கியிருந்து சுழியோடும் பயணமொன்றுக்கு இருவருக்கும் இடம் பதிவு செய்துவிட்டாள்.

அறுபதைக் கடந்த ஒருவன் சுழியோடக் கற்பது எங்ஙனம் என்று வாசகர்கள் நகைக்கக்கூடும். நிலாவெளியிலே கற்றேன். வைத்தியரின் சான்று, இருநூறு மீற்றர் நீச்சல், பத்து நிமிடம் ஆதாரமின்றி மிதத்தல் ஆகியவற்றைத் தேறிய பின்னரே முதுகிற் காற்றுக்கலத்தைக் கட்டுகின்றார்கள். கற்றுக்கொள்ள வேண்டியவற்றுள் அரியது ஒன்றே: ஒருபோதும் மூச்சை அடக்கலாகாது. முத்துக்குளிப்பவருடைய வித்தைக்கு இது நேர்மாறானது. அவர்கள் அடக்கிய மூச்சோடு இறங்குவர். நாமோ அமுக்கத்தில் அடைத்த காற்றைச் சுவாசித்துக்கொண்டு இறங்குகின்றோம். அதனை நெஞ்சில் அடக்கியவாறு மேலெழுந்தால், வெளியமுக்கம் குறையக் காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். போயிலின் விதியை எத்தனை தடவை படிப்பித்திருப்பேன்! அவ்விதி என் நெஞ்சுக்கும் உரியதென்பதை அன்றுதான் உணர்ந்தேன். முதற் சான்றிதழுக்குப் பதினெட்டு மீற்றர் எல்லை, அடுத்ததற்கு முப்பது. இரண்டையும் பெற்றுக்கொண்டே கனடாவுக்கு விமானம் ஏறினேன்.

பெலீஸ் மத்திய அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள சிறிய நாடு. முன்னர் பிரித்தானிய ஹொண்டுராஸ் என்ற பெயரோடிருந்த அது 1981 இற் சுதந்திரம் பெற்றது. அதன் கடலோரத்து முருகைக்கற்பார், மெக்சிக்கோ தொடக்கம் ஹொண்டுராஸ் வரை ஏறத்தாழ ஆயிரம் கிலோமீற்றர் நீளும் பெருந்தொடரின் ஒரு பகுதி. பாருக்கு வெளியே ரேணெஃப், லைற்ஹவுஸ், குளோவர் என மூன்று வளையத்தீவுகள் உண்டு.

சனிக்கிழமை மாலை பெலீஸ் நகரத்திலிருந்து கப்பல் புறப்பட்டது. பயணிகள் பதினெட்டுப் பேர். இத்தகைய கப்பலுக்கு முதன்முறை வந்தவர்கள் நானும் மகளும் மட்டுமே. எங்கள் அறை இருவர் ஒருங்கே எழுந்து நிற்க முடியாத அளவினது. ஒருவர் உடைமாற்ற மற்றவர் கட்டிலில் ஏறி இருக்க வேண்டும். அன்றிரவு வெளிக்கடலில் அலை எழுந்தது. கரையிற் பிறந்தவன் என்று பெருமை பேசியவன் இரவு முழுவதும் வாந்தி எடுத்தேன். ரொறன்ரோவாசியான மகள் நன்றாக உறங்கினாள்.

அக்கப்பல் வாழ்வின் ஒழுங்கு என்னைக் கவர்ந்தது. பின்தளத்திலே ஒவ்வொருவருக்கும் ஓரிடம். காற்றுக்கலம் வாரம் முழுவதும் அவ்விடத்தை விட்டு அகல்வதில்லை. நாம் வாங்கில் இருந்தபடியே பட்டியை மாட்டி எழுந்து, நாலடி நடந்து கடலிற் குதிக்கின்றோம். திரும்பி வந்து இருந்ததும் நீண்ட குழாயைக் கொண்டுவந்து அங்கேயே காற்று நிரப்புகின்றார்கள். சுவரிலே ஒரு பலகை. பெயர், இறங்கிய நேரம், கொண்டுபோன காற்று, கொண்டுவந்த காற்று, எட்டிய ஆழம் எல்லாம் அதில் எழுதப்படும். பலகையிலுள்ள ஒவ்வொரு பெயரும் திரும்பி வந்துவிட்டதென ஆளை ஆள் கண்டு உறுதி செய்யும்வரை இயந்திரம் முடுக்கப்படமாட்டாது. நாளுக்கு ஐந்து முறை இறங்கலாம். ஐந்தாவது இரவிலே, விளக்கோடு. நான் மூன்றோடு நிறுத்திக்கொண்டேன். இடையிலே உண்பதும் உறங்குவதுமே தொழில். முனிவர் மடத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை, சாப்பாட்டைத் தவிர.

முதல் நாட்கள் ரேணெஃப் பக்கத்திற் கழிந்தன. அங்கேதான் என் முதல் முருகைக்கல்லைக் கண்டேன். மூளைப்பவளம் என்று படத்திற் காட்டியதற்கு மெய்யாகவே மூளையின் மடிப்புகள் இருந்தன. பீப்பாய் போன்ற கடற்பஞ்சுக்குள் ஒரு சிறுவனை நிறுத்திவிடலாம். கடல்விசிறிகள் ஊதாநிறத்தில் நீரோட்டத்துக்கு அசைந்தன. சிவப்பு மட்டும் எங்குமில்லை. நீர் முதலில் விழுங்குவது செந்நிறத்தையே. மகள் கைவிளக்கை அடித்தாள். சாம்பலாய்த் தெரிந்த கடற்பஞ்சொன்று இரத்தச் சிவப்பாகிற்று.

ஆனால் நான் பிந்தி வந்த விருந்தாளி. வெண்டலைகளாக நின்ற மூளைப்பவளங்களையும் கண்டேன். 2014 இல் புளோரிடாவில் முதலில் அறியப்பட்ட ஒரு நோய், 2019 இல் பெலீஸ் கடலை எட்டி, கல்லைப் போர்த்த உயிர்த்தசையை உரித்துக்கொண்டு செல்கின்றது. அதற்கு முன்னரே, 1983-84 இல், பாசியை மேய்ந்து பாரைத் துப்புரவாக வைத்திருந்த நீள்முள் மூரைகள் கரீபியன் முழுவதும் கொள்ளைநோயிற் பெரும்பாலும் மாண்டன. பாசி படர்ந்த கற்கள் பல. அவற்றைப் பார்க்குந்தோறும் எங்கள் வளவு மதிலே நினைவுக்கு வந்தது.

இன்னொன்றையும் அங்கே கண்டேன். உடலெல்லாம் வரிகளும் சிறகு போன்ற முட்களுமாக அழகிய மீனொன்று பாறையிடுக்கில் நின்றது. சிங்கமீன். எங்கள் இந்துசமுத்திரத்திலும் பசிபிக்கிலும் உள்ள இனம். மனிதர் கொண்டுவந்து, 1980களிற் புளோரிடாக் கடலிற் பரவத் தொடங்கி, இன்று கரீபியன் எங்கும் பெருகிவிட்டது. அங்குள்ள சிறுமீன்களுக்கு இதனைப் பகையென்று தெரியாது. வாய்க்கருகே வந்து நிற்கின்றன. அனுமதி பெற்ற வழிகாட்டி ஈட்டியாற் குத்தி எடுத்தார். பகலுணவிலே அதுவும் ஒரு கறி. ஊர்க்காரனை அயலூரிற் கள்வனாகக் கண்ட உணர்ச்சியோடு உண்டேன். சுவை நன்றாகவே இருந்தது.

புதன்கிழமை விடியற்காலை கப்பல் லைற்ஹவுஸ் வளையத்துக்குள் நுழைந்தது. பெருநீலக்குழி அங்கேதான் இருக்கின்றது. ஏறத்தாழ 318 மீற்றர் அகலமும் 124 மீற்றர் ஆழமும் கொண்ட வட்டக்குழி. 1971 இல் பிரெஞ்சு நாட்டு ஆய்வாளர் கூஸ்தோ தமது கலிப்சோக் கப்பலை இதற்குள் செலுத்தி உலகறியச் செய்தார். பனியூழிக் காலத்திலே கடல் இன்றைக்கு நூறு மீற்றருக்கு மேல் தாழ்ந்திருந்தபோது, இது சுண்ணாம்புக்கல்லிற் குடைந்த ஒரு குகை. பிற்பாடு கூரை இடிந்து கடல் புகுந்தது. நாற்பது மீற்றர் ஆழத்தில் இன்றும் பெரிய தொங்குகற்கள் உள. தொங்குகல் சொட்டுநீரால் காற்றிலேயே உருவாகும், நீருக்குள் உருவாகாது. அவ்விடம் ஒருகாலத்தில் வறண்டிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

கப்பல் அலுமாரியிலிருந்த நூலொன்றில் இன்னொரு செய்தியும் படித்தேன். பெலீசின் வளையத்தீவுகள் தாழ்ந்த எரிமலையின்மீது எழுந்தவை அல்லவாம். கண்டத்தின் உடைந்த பாறைப்பாளங்களின் முகட்டிலே வளர்ந்தவையாம். ஆகவே நான் கரும்பலகையில் முப்பத்திரண்டு ஆண்டு வரைந்த படம், நான் தேடிவந்த இவ்விடத்துக்குப் பொருந்தாது. மகளுக்குக் காட்டினேன். சிரித்தாள்.

முதல் நாளிரவே வழிகாட்டி எல்லோரையும் அழைத்துச் சொல்லியிருந்தார். தொங்குகற்களைக் காண நாற்பது மீற்றர் வரை செல்ல வேண்டும். அது பொழுதுபோக்குச் சுழியோடிகளுக்குரிய கடைசி எல்லை. அங்கே நிற்பது எட்டு நிமிடம் மட்டுமே. விரும்பாதவர் விளிம்பிலே பதினைந்து மீற்றருக்குள் இன்னொரு வழிகாட்டியோடு இருக்கலாம்; அதில் இழிவேதுமில்லை. கீழே செல்ல விரும்புவோர் கையுயர்த்துக என்றார். மகள் உயர்த்தினாள். இருவரும் சோடியாதலால் அவள் என்னைப் பார்த்தாள். பதினெட்டுப் பேரின் கண்களும் என்மேல் இருப்பதாக எனக்குத் தோன்றிற்று. உண்மையில் எவரும் பார்த்திருக்கமாட்டார்கள். நானும் கையை உயர்த்தினேன். முன்னைய நாட்களில் எங்களைக் கவனித்திருந்த வழிகாட்டியும் இசைந்தார்.

காலை எட்டு மணிக்கு இறங்கினோம். விளிம்பருகே வெண்மணற் சரிவு. பின்பு செங்குத்தான சுவர். சுவரிலே உயிரினம் அருகியே இருந்தது. கீழே நீலம் கருநீலமாகி, கருநீலம் நிறமற்றதாகிற்று. இருபது மீற்றரைக் கடந்ததும் என் மூச்சின் ஒலி எனக்கே பெரிதாகக் கேட்கத் தொடங்கியது. முப்பதை அண்மியபோது அமுக்கமானியைப் பார்த்தேன். முள் நான் நினைத்ததிலும் மிகக் கீழே நின்றது. அவ்வாழத்தில் அமுக்கம் மேற்பரப்பிலும் ஏறத்தாழ நான்கு மடங்கு. ஆகையால் ஒவ்வொரு மூச்சும் நான்கு மூச்சுக்குரிய காற்றைத் தின்கின்றது. அஞ்சினவன் விரைந்து மூச்செடுக்கின்றான். விரைந்து எடுப்பதால் காற்று குறைகின்றது. குறைவதைக் கண்டு மேலும் அஞ்சுகின்றான். இச்சக்கரம் எங்கே போய் முடியும் என்பதை எண்ணுமளவுக்கு அறிவு தெளிவாக இருந்தது. இன்னும் பத்து மீற்றர் இறங்கினால் அத்தெளிவையும் நைதரசன் மயக்கம் கவர்ந்துவிடக்கூடும்.

பெருவிரலை மேல்நோக்கிக் காட்டினேன். நிலத்திலே வெற்றிக்குறியாகும் அந்தச் சைகைக்கு, நீருக்கடியில் ‘மேலே செல்வோம்’ என்பதே பொருள்.

கடைசியாக வந்த துணைவழிகாட்டி உடனே அருகில் வந்தார். என்னைத் தாம் மேலே கொண்டுசெல்வதாகவும் மகள் ஏனையோரோடு தொடரலாம் என்றும் கையால் காட்டினார். அவள் கீழே ஒருமுறை பார்த்தாள். பத்து மீற்றர் கீழே விளக்குகள் அசைந்தன. பின்பு தலையசைத்து மறுத்து, என் கைப்பட்டியைப் பற்றிக்கொண்டு மேலெழுந்தாள். ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் தரித்தோம். அங்கே தெளிந்த வெயில். சிறிய நீலமீன்கள் சுற்றி விளையாடின. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

தளத்துக்கு வந்தபின் மற்றவர்கள் ஒவ்வொருவராக ஏறினர். தொங்குகல் ஆலமரத்து விழுதுபோல இருந்ததா, கோயில் தூண்போல இருந்ததா என்பதை அவர்கள் பேசிய பேச்சிலிருந்தே நான் அறிந்துகொள்ள வேண்டியதாயிற்று. சுறாக்களும் வந்தனவாம். மகள் எல்லாவற்றையும் கேட்டு மகிழ்ந்தாள். அம்மகிழ்ச்சி என்னை மேலும் வருத்தியது. அவர்கள் காப்பி குடிக்கப் போனபின், “என்னால் உனக்கு இல்லாமல் போச்சுது, பிள்ளை” என்றேன்.

அவள் பட்டியைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: “ஏறினதிலை ஒரு பிழையும் இல்லை, அப்பா. இரவு கையை உயர்த்தினீங்களே, அதுதான் பிழை. எனக்கு அப்பவே தெரியும். நானும் சொல்லாமல் விட்டிட்டன்.”

அதற்கு மறுமொழி சொல்ல என்னிடம் எதுவுமில்லை. சற்று நேரம் இருவரும் குழாய்கள் காற்று நிரப்பும் ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

2018 இல் அக்குழிக்கு நீர்மூழ்கியில் இறங்கியோர், ஏறத்தாழ தொண்ணூறு மீற்றரில் ஐதரசன் சல்பைட்டுப் படலம் முகில்போற் கிடப்பதைக் கண்டனர். அதன்கீழ் ஒட்சிசனுமில்லை, உயிருமில்லை. அடியிலே பிளாஸ்ரிக் போத்தலும் கிடந்ததாம்.

பிற்பகல் ஹாஃப்மூன் தீவுக்குச் சென்றோம். செங்காற் கடற்பறவைகள் அங்கே மரங்களிற் கூடு கட்டுகின்றன. அவற்றுக்காக 1928 இலேயே காப்பிடமாக்கப்பட்ட தீவு அது. தீவுக்கு வெளியே சுவரோரம் இறங்கினோம். பதினான்கு மீற்றர். மணல்வெளியில் சிறு விலாங்குகள் பயிர் முளைபோல நூற்றுக்கணக்கில் நிமிர்ந்து நின்று, நாங்கள் நெருங்க நெருங்க ஒருங்கே மண்ணுக்குள் இழுத்துக்கொண்டன. புள்ளித்திருக்கை ஒன்று இறக்கையை அசைத்து ஆழத்தின் மேலாகச் சென்றது. நோய் தொடாத மூளைப்பவளமொன்றின் அருகே மகள் நின்று, விரலால் வட்டமாக ஒரு வளையத்தை நீரிலே வரைந்து, அதன்மேல் குறுக்குக் கோடிட்டாள். என் படத்தைப் பரிகசித்தாள் என்று விளங்கச் சற்று நேரமாயிற்று. முகமூடிக்குள் சிரித்ததில் எனக்குத் தண்ணீர் புகுந்துவிட்டது. அன்று ஐம்பத்திரண்டு நிமிடம் நீரில் இருந்தேன். அந்த வாரத்தில் அதுவே என் மிக நீண்ட இறக்கம்.

சுழியோடிகள் ஒவ்வோர் இறக்கத்தையும் கொப்பியிற் பதிந்து, சோடியாக வந்தவரிடம் கையொப்பம் வாங்குவது வழக்கம். இரவு என் கொப்பியை அவளிடம் கொடுத்தேன். நீலக்குழிக்குரிய பக்கத்தில் அவள் இவ்வாறு எழுதினாள்: “ஆழம் 28 மீற்றர். அப்பா ஏறுவோம் என்றார். ஏறினோம்.”

என் மானி 27 என்றே காட்டியது. ஒரு மீற்றரைத் திருத்தும்படி சொன்னேன். தன் மானியை எடுத்துக் காட்டினாள். அதில் 28 இருந்தது. அவள் எனக்கு ஒரு மீற்றர் கீழே நின்றிருக்கின்றாள்.