தாயிழந்த யானைக் கன்றுகள்

தந்தத்திற்காகப் பெண் யானையொன்று கொல்லப்படும்போது, அதன் பின்னே ஒரு கன்று அநாதையாக நிற்பதுண்டு. முதல் இரண்டாண்டுகள் தாய்ப்பாலையே நம்பி வாழும் கன்று, தாயை இழந்தபின் தானாகப் பிழைப்பது அரிது. அத்தகைய கன்றுகளைக் காக்கும் அறப்பணி ஒன்றினை நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள கென்யா நாட்டில் 1948-ஆம் ஆண்டு சாவோ தேசியப் பூங்கா அமைந்தது. அதன் கிழக்குப் பகுதிக்கு முதற் காப்பாளராக விளங்கியவர் டேவிட் ஷெல்ட்ரிக். 1977-இல் அவர் மறைந்தபின், அவர் நினைவாக மனைவியார் டாப்னி அறக்கட்டளை ஒன்றை நிறுவினார்.

கன்று வளர்ப்பில் அவ்வம்மையார் கண்ட முதல் இடையூறு பால். பசும்பாலின் கொழுப்பு யானைக் கன்றுக்குச் செரிப்பதில்லை. பல்லாண்டுகள் முயன்றபின், நாம் நன்கறிந்த தேங்காயெண்ணெய் கலந்த பால் அதற்கு ஒத்துக்கொள்வதைக் கண்டார்.

இரண்டாவது இடையூறு பாசம். ஆயிஷா என்னும் கன்று டாப்னியை மட்டுமே தாயென நம்பி வளர்ந்தது. மகளின் திருமணத்திற்காக அவர் சில நாள் பிரிந்திருந்தபோது அது ஏங்கியே மாண்டது. அத்துயரம் புகட்டிய பாடத்தால், இன்று காப்பாளர் பலர் முறை மாற்றிக் கன்றுகளைப் பேணுகின்றனர். இரவில் கொட்டிலில் கன்றுடன் ஒருவர் உறங்குவார். மறுநாள் இரவு வேறொருவர் வருவார். நைரோபியில் இவ்வாறு வளரும் கன்றுகள் பின்னர்ச் சாவோ முதலிய காடுகளுக்குச் சென்று, சில ஆண்டுகளில் காட்டு யானைகளோடு கலந்துவிடுகின்றன.

இவற்றிற்கு வேண்டிய பொருள் பெரும்பாலும் நன்கொடையாகவே வருகிறது. பல நாட்டு மக்கள் ஆளுக்கொரு கன்றைத் தத்தெடுத்தாற்போல், ஆண்டுதோறும் ஒரு தொகை அனுப்புகின்றனர். கென்ய அரசின் வனவிலங்குத் துறையுடன் இணைந்து, கள்ள வேட்டைக்காரர் வைக்கும் கண்ணிகளை அகற்றும் காவற்குழுக்களையும் இவ்வறக்கட்டளை நடத்துகிறது.

எனினும், தந்தத்தை வாங்குவோர் உள்ளவரை வேட்டை ஓயாது. ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்தைத் தடுக்க உலக நாடுகள் 1989-இல் முடிவு செய்தன. அத்தந்தத்தை நெடுங்காலம் வாங்கிச் செதுக்கிய நம் நாடும், 1991-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் அவ்வணிகத்தை விலக்கிற்று. ஆதலின், நாம் வாழும் நகரில் எவரேனும் தந்தப் பொருளை விலைக்குக் கொணர்ந்தால் மறுத்துவிடுவோம். பொருளுதவி செய்ய இயலாதவரும் இவ்வுதவியைச் செய்யலாம்.