ஒட்டு விட்டுப்போன டயப்பர்

படுக்கையில் விழுந்த பெரியவர்களைப் பராமரிப்பது பற்றிய கூட்டங்களில் மருந்து, சத்துணவு, ஆறுதல் என்பன பற்றி நிறையச் சொல்லப்படுகிறது. படுத்த படுக்கையிலேயே சிறுநீர் கழித்துவிடும் தாத்தாவை எப்படி உலர்வாக வைத்திருப்பது என்பதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. வெட்கமான விடயம் என்று ஒதுக்கிவிடுகிறோம். லயத்துக் காம்பிராவில் அதை ஒரு திரைச்சீலைக்குப் பின்னால் மறைத்துச் சமாளித்தவர்கள், இடம்பெயர்ந்து பாடசாலை மண்டபத்தில் இருபது குடும்பங்களோடு ஒரே கூரையின் கீழ் பாய் விரிக்கும்போது என்ன செய்வார்கள்?

இது கற்பனைக் கேள்வியல்ல. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்தபோது, உயிர் தப்பிய குடும்பங்கள் பாவனையில் இல்லாத தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் நீண்ட காலம் தங்கியிருந்தன. 2025 நவம்பர் 28 அன்று டித்வா சூறாவளி நாட்டைத் தாக்கியபோது 600க்கும் அதிகமானோர் இறந்தனர். நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களின் சரிவுகளில் லயங்களும் மரக்கறித் தோட்டங்களும் மண்ணோடு போயின. பாடசாலைகளிலும் கோவில்களிலும் ஆலயங்களிலும் தஞ்சம் புகுந்தவர்களில் பக்கவாதம் வந்தவர்களும், இடுப்பு எலும்பு முறிந்தவர்களும், நினைவு தடுமாறியவர்களும் இருந்தார்கள்.

இத்தகைய வேளைகளில் வரும் நிவாரணப் பொதிகளில் பெரியவர்களுக்கான டயப்பர்களும் உண்டு. நம் மக்கள் எந்தக் கம்பனியுடையதானாலும் ‘பெம்பஸ்’ என்றே சொல்கிறார்கள். ஒரு நாளைக்கு மூன்று என்று வைத்தாலும் மாதம் தொண்ணூறு வேண்டும். 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக உயர்ந்தது. அந்தச் சம்பளத்தில் தொண்ணூறு டயப்பர் வாங்குவது எப்படி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துத் துண்டு கொண்ட பொதியில் இரண்டு ‘ஒட்டவில்லை’ என்று வீசப்பட்டால், மாதத்தில் பதினெட்டு வீண். ஆறு நாள் தேவை குப்பைக்குப் போகிறது. உள்ளே இருக்கும் பஞ்சும் நீரை உறிஞ்சும் தூளும் பழுதில்லை. பழுதானது ஒரு விரல் அகலமுள்ள பட்டி மட்டுமே.

ஏன் ஒட்டாமல் போகிறது?

டயப்பரின் இரு பக்கமும் இரண்டிரண்டாக நான்கு பட்டிகள் உண்டு. அவற்றில் இரு வகை. விரலால் தடவினால் பசை ஒட்டுமானால் அது பசைப் பட்டி. வெளிப்புறம் பொலித்தீன் போல வழுவழுப்பாக உள்ள டயப்பர்களில் இருக்கும். விரலுக்குச் சொரசொரப்பாக இருந்தால் அது கொக்கிப் பட்டி. வெளிப்புறம் துணி போன்றிருக்கும் டயப்பர்களில் வரும். கொக்கிப் பட்டியின் கதை சுவையானது. சுவிற்சர்லாந்து நாட்டுப் பொறியியலாளர் ஜோர்ஜ் டி மெஸ்ட்ரால், 1941இல் நாயோடு நடந்துவிட்டு வந்தபோது உடையிலும் நாயின் ரோமத்திலும் ஒட்டியிருந்த முட்காய்களை உற்றுப் பார்த்தாராம். நுனியில் சிறு கொக்கி இருந்தது. அதிலிருந்து பிறந்ததே வெல்க்ரோ. நம் பாதையோரத்து ஒட்டுப்புல் சாரத்தில் ஏறும் வித்தையும் ஏறக்குறைய அதுதான்.

பசைப் பட்டிக்குப் பகை நான்கு: ஈரம், எண்ணெய், பவுடர், குளிர். புண்ணுக்குக் களிம்பு பூசிய அதே கையால் பட்டியைப் பிடித்தால் அது ஒட்டாது. குளிரை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. நுவரெலியாவின் மார்கழி விடியற்காலையில் பசை விறைத்துவிடும். கொழும்பில் நன்றாக ஒட்டும் டயப்பர் இங்கே ஒட்டாததற்கு அது ஒரு காரணம். பட்டியை உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு நிமிடம் சூடாக்கி, ஒட்டுமிடத்தை உலர்ந்த துணியால் துடைத்து, பத்து எண்ணும்வரை அழுத்திப் பிடியுங்கள். பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும். கொக்கிப் பட்டியில் கம்பளி மயிரும் பஞ்சும் அடைத்திருந்தால் பழைய பல்துலக்கியால் தட்டி எடுக்கலாம். பொதியை மண் தரையில் வைக்காமல் பொலித்தீனில் சுற்றி உயரத்தில் வையுங்கள். அடுப்படிக்கு மேலே வேண்டாம்.

சில வேளைகளில் பட்டி நன்றாக ஒட்டும். ஆனால் சரிசெய்யத் திறக்கும்போது முன்பக்கப் பொலித்தீனைப் பிய்த்துக்கொண்டு வரும். அப்படியானால் கிழிந்த இடத்தின்மேல் பெட்டி ஒட்டும் அகல டேப் ஒரு துண்டை ஒட்டி, அந்த டேப்பின் மேல் பட்டியை ஒட்டுங்கள். அதன்பின் எத்தனை முறை திறந்தாலும் கிழியாது. திறந்து மூட வேண்டிவரும் என்று தெரிந்தால் முதலிலேயே இப்படிச் செய்துவிடலாம்.

பட்டியே அறுந்துவிட்டால் அதே டேப்பில் ஒரு சாண் நீளம் வெட்டி, ஒரு நுனியில் அரை அங்குலம் மடித்துவிடுங்கள். திறக்கும்போது பிடிக்க அது உதவும். டயப்பரின் பக்கச் சிறகில் வெளிப்புறமாகப் பாதியையும் முன்பக்கத்தில் மறுபாதியையும் ஒட்டுங்கள். டேப் தோலில் படவே கூடாது. முதியவரின் தோல் வெங்காயச் சருகு போன்றது. உரிந்தால் ஆற வாரக்கணக்காகும். துணி போன்ற வெளிப்புறத்தில் இந்த டேப் நன்றாகப் பிடிக்காது. அங்கே மருந்துக்கடையில் கிடைக்கும் துணிப் பிளாஸ்டர் உதவும். ஆனால் அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. கீழே சொல்கிறேன்.

செய்யக்கூடாதவையும் உண்டு. ஊக்கு குத்த வேண்டாம். நினைவு தடுமாறியவர் அதைக் கழற்றுவார், குத்திக்கொள்வார். துளை வழியாகக் கசியவும் செய்யும். ஸ்டேப்ளர் அறவே வேண்டாம். உடனே ஒட்டும் ‘சுப்பர் குளூ’ பருத்தியில் பட்டால் தீக்காயம் வருமளவு சூடேறும் என்பது பலருக்குத் தெரியாது. டேப்பை இடுப்பைச் சுற்றி பார்சல் கட்டுவதுபோல் சுற்றவும் வேண்டாம். போஞ்சிக்கொடியைக் கம்பில் கட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: இறுக்கினால் கொடி பெருக்கும்போது கயிறு வெட்டும். எழுந்து உட்காரும்போது வயிறு விரியும். எப்படிக் கட்டினாலும் இரண்டு விரல் உள்ளே போக வேண்டும்.

பட்டி அடிக்கடி அறுகிறது என்றால் அளவு சிறியது என்று சந்தேகப்படுங்கள். இடுப்பின் அகன்ற இடத்தை அளவு நாடாவால் அளந்து பொதியில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். நிவாரணத்தில் வந்ததை மாற்ற முடியாதுதான்; பக்கத்துக் குடும்பத்துக்குப் பெரிய அளவு கிடைத்திருந்தால் மாற்றிக்கொள்ளலாமே. ஒட்டும் ஒழுங்கும் முக்கியம். முதலில் கீழ்ப்பட்டிகளைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்து ஒட்டுங்கள், தொடையோரம் கசியாது. பிறகு மேல்பட்டிகளைக் கீழ்நோக்கிச் சாய்த்து ஒட்டுங்கள்.

நல்ல வழி: துணிப் பட்டை

பழைய ரீசேட் அல்லது பருத்திச் சேலையில் நான்கு அங்குல அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டுங்கள். நீளம், இடுப்புச் சுற்றளவோடு ஆறு அங்குலம் கூட. ஓரம் மடித்துத் தைத்து, நுனிகளில் தையல் சாமான் கடையில் வாங்கிய வெல்க்ரோவை வையுங்கள். சொரசொரப்புப் பக்கம் உடம்பைப் பார்க்காமல் வெளியே பார்க்க வேண்டும். வெல்க்ரோ இல்லையென்றால் உள்பாவாடை நாடா போதும். முடிச்சை முன்பக்கம் போடுங்கள். முதுகிலோ இடுப்பெலும்பிலோ முடிச்சு அழுந்தினால் இரண்டே நாளில் படுக்கைப்புண் தொடங்கும். ‘தாத்தா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிப் படுங்க’ என்று சொல்லிப் பட்டையை முதலில் கீழே விரித்து, அதன்மேல் டயப்பரை வைத்துப் பூட்டுங்கள். இனிப் பட்டிகள் நான்கும் அறுந்தாலும் கவலையில்லை. மூன்று பட்டைகள் இருந்தால் மாற்றி மாற்றித் துவைக்கலாம். துவைக்கும்போது வெல்க்ரோவை மூடிவிடுங்கள். முகாமில் ஒரு தையல் மெசின் இருந்தால் மாதர் சங்கத்தினர் ஒரு பிற்பகலில் எல்லாருக்கும் தைத்துக் கொடுத்துவிடலாம்.

பட்டி பழுதான டயப்பரைத்தான் திருத்தலாம், நனைந்ததை அல்ல. சிலர் சிக்கனம் கருதி வெயிலில் காயவைத்து மீண்டும் கட்டுகிறார்கள். உள்ளே உள்ள தூள் சிறுநீரைக் கூழாக்கிப் பிடித்து வைத்திருக்கிறது; காய்ந்தாலும் அழுக்கும் கிருமியும் அங்கேயே இருக்கும். மலம் பட்டால் உடனே மாற்றி, தண்ணீரால் கழுவி, தேய்க்காமல் ஒற்றி உலர்த்துங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். அழுத்தினாலும் மறையாத சிவப்பு தெரிந்தால் தோட்ட டிஸ்பென்சரிக்கோ வைத்தியசாலைக்கோ சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கைத்தாங்கலாக நடக்கக்கூடியவருக்கு டயப்பர் கட்டுவது நமக்கு வசதி, அவருக்கு அல்ல. முகாமில் மலசலகூடம் தூரம், படி வழுக்கும், இரவில் வெளிச்சமில்லை என்பதற்காக நல்ல கால் உள்ள அம்மாயியைப் படுக்கையில் போட்டுவிடுகிறார்கள். நடுவில் துளை வெட்டிய ஒரு கதிரை, கீழே ஒரு வாளி, சுற்றிலும் ஒரு திரை. முகாம் பொறுப்பாளரிடம் இதைக் கேட்டு வாங்குங்கள். ஆண்களுக்குப் பகலில் அகல வாய்ப் போத்தல் போதும். டயப்பர் இரவுக்கு மட்டும் என்றால் தேவை மூன்றில் ஒன்றாகிவிடும்.

பாவித்த டயப்பரை மலசலக் குழியில் போட்டால் குழி அடைக்கும். எரித்தால் பிளாஸ்டிக் புகை முகாம் முழுவதும் சூழும். ஓடையில் வீசுவதுதான் எல்லாவற்றிலும் கேடு: மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை, அம்பத்தலையில் கொழும்பு குடிப்பதும் அந்தத் தண்ணீரைத்தான். மலத்தைக் கூடத்தில் கொட்டி, டயப்பரைச் சுருட்டி அதன் பட்டிகளாலேயே இறுக்கி, பையில் கட்டிப் பிரதேச சபையின் குப்பை வண்டியில் கொடுங்கள். வண்டி வராத இடத்தில், நீரூற்றுக்கும் சரிவு வெடித்த இடங்களுக்கும் எட்ட, நாய் தோண்ட முடியாத ஆழத்தில் குழி வெட்டிப் புதைத்து மண்ணைக் கெட்டியாக மிதித்துவிடுங்கள்.