இனிப்பு நீரும் பரம்பரையும்

"அப்பாவுக்கு இருந்தது, எனக்கும் வந்துவிட்டது" என்று இனிப்பு நீர்க்காரர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது எப்படி வருகிறது?

நம் உயிரணுக்களில் ஏறக்குறைய 20,000 மரபணுக்கள் உண்டு. எல்லாம் எந்நேரமும் வேலை செய்வதில்லை. பிரட்டுக் களத்தில் மண்டோர் பெயர் கூப்பிட்ட பிறகுதானே ஆட்கள் நிரைக்குப் போகிறார்கள்? மரபணுவுக்கும் அப்படி, 'இப்போது செய், இவ்வளவு செய்' என்று உத்தரவு போடும் இடங்கள் இருக்கின்றன.

டிசிஎஃப்7எல்2 (வாயில் நுழையாத பெயர்தான்!) என்ற மரபணுவுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை 2006-இல் ஐஸ்லாந்து ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். அங்கே ஆள் கெடவில்லை. உத்தரவில்தான் ஓர் எழுத்து மாற்றம். அதனால் இன்சுலின் குறைவாகச் சுரக்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அது வந்தால் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு. குடல் புற்றுநோயிலும் இப்படியோர் உத்தரவு மாற்றம் உண்டு.

தலையெழுத்து என்று உட்கார்ந்துவிடாதீர்கள். அமெரிக்காவில் 2002-இல் வெளியான ஆய்வு ஒன்றில், சர்க்கரை சற்றே ஏறியிருந்தவர்கள் எடையைக் குறைத்து வாரம் 150 நிமிடம் நடந்தார்கள். நோய் வருவது 58 விழுக்காடு குறைந்தது. இந்த மாற்றம் உள்ளவர்களுக்கும் பலன் கிடைத்தது.

என் தாயாருக்கு இனிப்பு நீர் இருந்தது. பள்ளி விட்டதும் நானும் நடக்கிறேன். தேநீரில் டின் பாலைத்தான் இன்னும் முழுதாக விட முடியவில்லை.