தபாலில் போகும் வாக்கு: அலவத்துகொடவில் அன்றும் இன்றும்

1947இல் இலங்கையின் முதல் பாராளுமன்றத் தேர்தல் ஒரே நாளில் நடந்து முடியவில்லை. ஆகஸ்ட் 23 தொடங்கி செப்டம்பர் 20 வரை நாள் பிரித்து, தொகுதி தொகுதியாக நடந்தது. 1956இல்கூட மூன்று நாட்கள் எடுத்தது. 1960 மார்ச் மாதம்தான் முழு நாடும் ஒரே நாளில் வாக்களித்தது.

அந்த மாற்றம் அரச ஊழியருக்கு ஒரு சிக்கலையும் கொண்டுவந்தது. எல்லா வாக்களிப்பு நிலையங்களுக்கும் ஒரே நாளில் ஆள் வேண்டும். கண்டி–மாத்தளை வீதியில், அக்குறணையைத் தாண்டி வரும் அலவத்துகொடவில் வாக்குள்ள ஓர் ஆசிரியைக்குக் கம்பளைப் பக்கம் தேர்தல் கடமை விழுந்தால், அன்று ஊருக்கு வந்து வாக்களிக்க அவரால் முடியாது. பொலிஸ்காரர், ரயில் சாரதி, ஆஸ்பத்திரித் தாதி எல்லோர் நிலையும் இதுதான். கடமைக்காக வாக்கை இழக்கக் கூடாது என்பதற்காகவே தபால்மூல வாக்களிப்பு இருக்கிறது.

அன்று வாக்கே இல்லாதிருந்தவர்களும் இந்த மலைகளில் இருந்தார்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டு வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலானோரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கின. 2003ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் வரை அந்தப் பிரச்சினை இழுபட்டது. இன்று அந்தத் தோட்ட லயன்களிலிருந்து படித்து வந்தவர்கள் ஆசிரியர்களாகவும் கிராம உத்தியோகத்தர்களாகவும் இருக்கிறார்கள். தாத்தாவுக்கு மறுக்கப்பட்ட வாக்கைப் பேத்தி தேர்தல் நாளுக்கு முன்பே அளித்துவிட்டு, தேர்தலை நடத்தவும் போகிறாள். தபால் வாக்கின் வரலாற்றில் எனக்கு மிகவும் பெருமை தரும் மாற்றம் இதுவே.

வாக்குச்சீட்டும் மாறிவிட்டது. 1977இல் அக்குறணையை உள்ளடக்கிய ஹாரிஸ்பத்துவ, இரண்டு உறுப்பினர்களைத் தெரிவுசெய்யும் தொகுதி. இன்று கண்டி மாவட்டம் முழுவதும் ஒரே களம், 12 ஆசனங்கள். பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு ஒரு புள்ளடி, பிறகு மூன்று வேட்பாளர்கள் வரை விருப்பு வாக்கு. மாவட்டத்தின் தபால் வாக்குகள் தனியாக எண்ணப்பட்டு, அநேகமாக முதல் முடிவாக வெளிவருகின்றன. 2024 பாராளுமன்றத் தேர்தலில் நாடு முழுவதும் 7 இலட்சத்து 38 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இதற்குத் தகுதி பெற்றிருந்தார்கள்.

நடைமுறை இதுதான். தேர்தல் அறிவிப்பு வந்ததும் விண்ணப்பப் படிவத்தை எடுத்து, இடாப்பில் உள்ள தொடரிலக்கத்தையும் வாக்கெடுப்பு மாவட்டத்தையும் சரியாக எழுதி, அலுவலகத் தலைவரின் உறுதிப்படுத்தலுடன், வாக்குள்ள மாவட்டத்தின் தெரிவத்தாட்சி அலுவலருக்குக் கடைசித் திகதிக்கு முன் சேர்க்க வேண்டும். இடாப்பு விபரம் பிழைத்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். குறித்த நாளில், வேலைசெய்யும் இடத்திலேயே, அத்தாட்சிப்படுத்தும் அலுவலர் முன் அடையாளத்தை நிரூபித்து, பிரகடனத்தில் கையொப்பமிட வேண்டும். புள்ளடி இடுவதை அவர்கூடப் பார்க்கக் கூடாது. மடித்த வாக்குச்சீட்டு ஓர் உறைக்குள் போகும். அந்த உறையும் கையொப்பமிட்ட பிரகடனமும் இன்னொரு உறைக்குள் போகும். எண்ணும்போது ஆளை முதலில் சரிபார்த்து, பிறகுதான் வாக்குச்சீட்டுள்ள உறையைப் பிரிப்பார்கள். யார் வாக்களித்தார் என்பது தெரியும், யாருக்கு என்பது தெரியாது. இரண்டு உறைகளின் பயன் அதுதான்.

இவ்வளவு சீரான ஏற்பாடும் பணம் இல்லாவிட்டால் நின்றுவிடும் என்பதை 2023இல் பார்த்தோம். உள்ளூராட்சித் தேர்தலின் தபால் வாக்களிப்பு பெப்ரவரி 22 முதல் 24 வரை நடக்கவிருந்தது. நிதி கிடைக்காததால் வாக்குச்சீட்டுகள் வந்துசேரவில்லை, வாக்களிப்பு ஒத்திவைக்கப்பட்டது. அந்தத் தேர்தலை நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உள்ளூராட்சி வாக்குச்சீட்டு மக்கள் கைக்கு வந்தபோது 2025 ஆகிவிட்டது.

அன்றும் இன்றும் மாறாத ஒன்று உண்டு. தபால் வாக்கு பெரும்பாலும் அரச கடமையில் உள்ளவர்களுக்கானதாகவே இருக்கிறது. அலவத்துகொட, அக்குறணைப் பக்கத்துக் குடும்பங்களில் கொழும்புக் கடைகளில் நிற்பவர்கள் எத்தனை பேர்! கட்டாரிலும் சவூதியிலும் உழைப்பவர்கள் எத்தனை பேர்! தனியார் துறையினருக்கு வாக்களிக்க லீவு கிடைக்க வேண்டும். ஆனால் பஸ் செலவும் பயணமும் அவர்கள் பாடு. வெளிநாட்டில் இருப்பவருக்கோ விமானம் ஏறி ஊருக்கு வருவதைத் தவிர வேறு வழி 2024 தேர்தல்களிலும் இருக்கவில்லை. அவர்கள் அனுப்பும் பணத்தை நாடு நம்பியிருக்கிறது. அவர்கள் வாக்கையும் அது கேட்டு வாங்க வேண்டும்.

சட்டம் அந்தளவுக்கு விரியும் வரை, தகுதியுள்ள ஒவ்வொருவரும் இந்த வசதியைத் தவறாமல் பயன்படுத்த வேண்டும். இடாப்பில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று கிராம உத்தியோகத்தரிடம் இப்போதே பார்த்து வையுங்கள். தேர்தல் அறிவித்த பிறகு கிடைக்கும் நாட்கள் குறைவு.