மறு உயர்த்தல் (போக்கர்)

மறு உயர்த்தல் என்பது போக்கர் சீட்டாட்டத்தில் ஒருவர் உயர்த்திய பந்தயத்தை மற்றொருவர் மேலும் உயர்த்துவதாகும். டெக்சாஸ் ஹோல்டெம் வகையில் ஒவ்வொருவருக்கும் 2 மறைசீட்டுகளும், அனைவருக்கும் பொதுவாக 5 சீட்டுகளும் உண்டு. பொதுச்சீட்டுகள் திறக்கப்படுவதற்கு முன், முதல் இருக்கைகளில் இருந்து உயர்த்தியவருக்கு வரும் மறு உயர்த்தலை எதிர்கொள்வது கடினமான முடிவுகளுள் ஒன்று. இக்கட்டுரை அம்முடிவை விளக்குகிறது.

இருக்கையின் பங்கு

முதல் இருக்கையாளருக்குப் பின் பலர் முடிவெடுக்க இருப்பதால், அவர் வலுவான சீட்டுகளுடன் மட்டுமே உயர்த்துவது வழக்கம். இதை அறிந்தும் ஒருவர் மறு உயர்த்தல் செய்தால், அவரது சீட்டுகளும் வலுவானவை எனக் கருதலாம். மேலும், மறு உயர்த்தியவர் கடைசி இருக்கையில் இருந்தால், பின்வரும் சுற்றுகளில் முதல் இருக்கையாளரே முன்னதாக முடிவெடுக்க வேண்டும். இது அவருக்குப் பாதகம்.

கணக்கு

கட்டாயப் பந்தயங்கள் 50, 100 சில்லுகள் என்க. முதல் இருக்கையாளர் 300 ஆக உயர்த்துகிறார், கடைசி இருக்கையாளர் 900 ஆக்குகிறார், பிறர் விலகுகின்றனர். திரண்ட தொகை 1,350. ஈடு செய்ய 600 தேவை. 600-ஐ 1,950-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 31%. வெற்றி வாய்ப்பு இதற்குக் குறைவாயின் ஈடு செய்வது பொதுவாக நட்டம்.

முதல் இருக்கையாளரிடம் ஜாக்கி இணை உள்ளது எனக் கொள்வோம். எதிராளி ஏஸ், ராஜா, ராணி இணைகளுடன் மட்டும் மறு உயர்த்துபவர் எனில் வெற்றி வாய்ப்பு ஏறத்தாழ 18%, விலகுவதே சரி. ஏஸ்-ராஜா சேர்க்கையுடனும் அவ்வாறு செய்பவர் எனில், இணைகள் மூன்றும் சேர்ந்து 18 வகைகள், ஏஸ்-ராஜா 16 வகைகள். வாய்ப்பு ஏறத்தாழ 36% ஆகிறது. இது 31%-ஐ விட அதிகமே. ஆயினும் இருக்கைப் பாதகம் அந்த இடைவெளியைக் குறைக்கும். ஆகவே ஒரே சீட்டுக்கு எதிராளியைப் பொறுத்து விடை மாறுகிறது.

மூன்று வழிகள்

- விலகல்: எதிராளி அரிதாகவே மறு உயர்த்துபவர் எனில்.
- ஈடு செய்தல்: நடுத்தர இணைகளுக்கு. சிறிய இணை, முதல் மூன்று பொதுச்சீட்டுகளில் அதே எண்ணைப் பெறும் வாய்ப்பு ஏறத்தாழ 12% மட்டுமே. ஆகவே இருவரிடமும் மிகுதியான சில்லுகள் எஞ்சியிருக்க வேண்டும்.
- மீண்டும் உயர்த்தல்: ஏஸ், ராஜா இணைகளுக்கு, சில வேளைகளில் ஏமாற்றாகவும். 2,100 ஆக உயர்த்தினால், 1,350-ஐப் பெற 1,800 இடப்படுகிறது. ஆகவே வெறும் ஏமாற்றாயின் எதிராளி 57%-க்கு மேல் விலகவேண்டும். கையில் ஓர் ஏஸ் இருந்தால் எதிராளியின் ஏஸ் இணை வகைகள் 6-லிருந்து 3 ஆகக் குறைகின்றன.

இணையவழி ஆட்டத்தில் முகபாவம் தெரியாது. பந்தய அளவு, எடுத்துக்கொண்ட நேரம், முந்தைய ஆட்டப் பதிவுகள் ஆகியவையே தடயங்கள்.

தமிழ்நாட்டில் சட்ட நிலை

சீட்டு வருவது வாய்ப்பு. மேற்கூறிய முடிவு திறன். எது மேலோங்குகிறது என்பதே வழக்குகளின் மையம். 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்ற தமிழ்நாட்டுச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு விளையாட்டுகள் எனப் பட்டியலிட்டது. 2023 நவம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அப்பட்டியலைச் செல்லாது என அறிவித்தது. சட்டத்தை முழுமையாக நீக்கவில்லை. 2025 ஆகத்து 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற நடுவண் அரசின் சட்டம், திறன், வாய்ப்பு என்ற வேறுபாடின்றி, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்கிறது. மேற்கண்ட கணக்கு முடிவின் தரத்தைத்தான் உயர்த்தும். ஒரு தனி ஆட்டத்தின் முடிவுக்கு அது உறுதி தராது.