உங்களுக்குத் தெரியுமா? கொல்லிமலைத் தமிழும் பள்ளிக்கூடமும்

நாமக்கல் மாவட்டம் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். இது ஊரறிந்த செய்தி. மேலே வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர் என்பதும், அவர்களுக்கும் கேரளத்துக்கும் சம்பந்தமில்லை என்பதும் அவ்வளவாகத் தெரியாத செய்தி. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகளின் வழியில் வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. பேசுவது தமிழ். தமிழ்நாட்டுப் பழங்குடிகளிலேயே எண்ணிக்கையில் பெரியவர்களும் இவர்கள்தான். கல்வராயன், சேர்வராயன், பச்சைமலை, ஜவ்வாது மலைக்காரர்களையும் சேர்த்து 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ மூன்றரை லட்சம் பேர்.

கொல்லிமலைப் பேச்சுக்கென்றே ஓர் ஆய்வு நூல் இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1971இல் வெளியிட்டது. எழுதியவர் மொழியியலாளர் கி. கருணாகரன். தனியாக ஒரு நூல் எழுதுகிற அளவுக்கு அந்தப் பேச்சில் வேறுபாடு இருக்கிறது. பாடநூல் மட்டும் சென்னைக்கும் கொல்லிமலைச் செம்மேட்டுக்கும் ஒன்றேதான்.

தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 350அ பிரிவு சொல்கிறது. 1956இல் சேர்க்கப்பட்டது. ஆனால் அது மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்கு. கொல்லிமலைப் பிள்ளை அந்தக் கணக்கில் வராது. "தமிழ்தானே பேசுகிறாய்" என்று சொல்லிவிடுவார்கள். சிக்கலே இங்குதான்.

பழங்குடிப் பிள்ளைகளின் பேச்சிலேயே பாடம் தொடங்கிய மாநிலமும் உண்டு. ஒடிசா 2006இல் சவுரா, குயி, கோயா, ஜுவாங் உள்ளிட்ட பழங்குடி மொழிகளில் தொடக்கப் பாடங்களை ஆரம்பித்தது. முதலில் 10 மொழிகள், பிறகு 21.

தாய்மொழியில் படிப்பதால் வரும் பலனுக்கு ஆப்பிரிக்காவில் இன்னும் பழைய சான்று உண்டு. நைஜீரியாவின் இஃபே நகரில் 1970இல் கல்வியாளர் பாப்ஸ் ஃபஃபுன்வா ஒரு சோதனையைத் தொடங்கினார். ஒரு பிரிவுப் பிள்ளைகளுக்கு ஆறு ஆண்டும் எல்லாப் பாடமும் யொரூபா மொழியில்; ஆங்கிலம் தனிப் பாடமாக, அதற்கென்று ஓர் ஆசிரியர். இன்னொரு பிரிவுக்கு வழக்கம்போல மூன்று ஆண்டு யொரூபா, பிறகு ஆங்கில வழி. கணக்குக்கும் அறிவியலுக்கும் யொரூபாவில் புத்தகமே கிடையாது, உட்கார்ந்து எழுதினார்கள். யொரூபாவிலேயே படித்த பிள்ளைகள் மற்றப் பாடங்களில் முந்தினார்கள், சரி. ஆங்கிலத்திலும் அவர்களே முந்தினார்கள்! ஆங்கில வழியில் போட்டால்தான் ஆங்கிலம் வரும் என்று எல்.கே.ஜி. வாசலில் வரிசையில் நிற்கும் நம்மூர்ப் பெற்றோர் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

சரி, மலைப் பேச்சு மறைந்தால் பள்ளிக்கு வெளியே என்ன இழப்பு? கொல்லிமலைக் காட்டில் போய்ப் பாருங்கள். பாடநூலில் சாமை என்றால் சாமை, அவ்வளவுதான். மலையில் கட்டவெட்டிச்சாமை, மல்லியசாமை, திரிகுலசாமை, பெருஞ்சாமை என்று தனித்தனி. தினையில் செந்தினை, பெருந்தினை, கோரந்தினை. கேழ்வரகில் சட்டைக் கேழ்வரகு, பெருங்கேழ்வரகு. எந்த விதையை எந்த மண்ணில் எப்போது போடுவது, எது சீக்கிரம் விளையும் என்கிற விவரமெல்லாம் அந்தந்தப் பெயரோடு சேர்ந்தே வரும். பெயர் புழக்கத்திலிருந்து போனால் அந்த விவரமும் போயிற்று. விளைந்ததைச் சேமிக்கும் மண் பூசிய கட்டுமானத்துக்குத் தொம்பை என்று பெயர். உண்டு உறைவிடப் பள்ளி விடுதியில் வளரும் பிள்ளைக்கு இதையெல்லாம் பாட்டியிடம் கேட்டுக்கொள்ள லீவு விட்டால்தான் நேரம்.

சேலத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளை நம்பி மலையில் மரவள்ளி பரவியது. சாமைக் காடுகள் சுருங்கின. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து மலைமக்களோடு சேர்ந்து இந்த விதைகளைக் காக்கப் பாடுபட்டு வருகிறது. இந்தியா முன்மொழிந்து, 2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. அறிவித்தது. விதைக்கு இவ்வளவு மரியாதை கிடைத்தது. அதைக் காப்பாற்றி வைத்திருக்கும் பேச்சுக்குக் கிடைக்கவில்லை.

தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் மொழிகளை ஆவணப்படுத்தத் தமிழ்நாடு அரசு 2024-25 நிதிநிலை அறிக்கையில் 2 கோடி ரூபாய் அறிவித்தது. நல்ல காரியம். அந்தப் பட்டியலில் மலையாளிகளின் பேச்சு இல்லை. அடுத்த பட்டியலிலாவது அதைச் சேர்க்க வேண்டும். அதுவரை காத்திராமல், கொல்லிமலைப் பள்ளிகளின் மூன்றாம் வகுப்புக்கு மலைப் பயிர்களின் பெயர்களை மலைப் பேச்சிலேயே சொல்லும் ஒரு சிறு இணைப்புப் புத்தகத்தைக் கல்வித்துறை இந்த ஆண்டே அச்சடிக்கலாம். எழுதித் தர அந்தந்த ஊர்ப் பாட்டிமார் இருக்கும்போதே செய்துவிடுங்கள், ஐயா.