குருதிச் சோகையும் இருதய நோயும்

மார்பில் நோவு என்றவுடன் நாம் இருதயத்தை நினைக்கின்றோம்; அவ்விருதயம் இறைக்குங் குருதி எத்தன்மையது என்று வினவுவார் சிலரே. ஒருகாலத்திற் கல்லூரி மைதானத்தில் ஓடியாடியவருட் பலர், இன்று மாடிப்படியின் நடுவில் நின்று மூச்சு வாங்கும் வயதினராயுள்ளோம். ஆதலின் இவ்வினாவைச் சற்று ஆராய்தல் இம்மலருக்குப் பொருந்தும்.

இருதயத் தசைக்குக் குருதியளிப்பவை முடியுரு நாடிகள். இவற்றின் உட்சுவரிற் கொழுப்புப் படிந்து வழி குறுகினால், மேடேறும்போது மார்பு நெரியும், நின்றால் தணியும். இலண்டன் வைத்தியராகிய வில்லியம் ஹெபர்டன் 1768 ஆம் ஆண்டில் எடுத்துரைத்த இக்குறிகள் இன்றும் மாறவில்லை.

குருதிச் சோகையோ குருதியின் குறைபாடு. 100 மில்லிலீற்றர் குருதியில் ஈமோகுளோபின் ஆடவர்க்கு 13 கிராமிற்கும், கருப்பமுறாத மகளிர்க்கு 12 கிராமிற்கும் குறைந்தால் அது சோகை என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு. ஒரு கிராம் ஈமோகுளோபின் ஏறத்தாழ 1.34 மில்லிலீற்றர் ஒட்சிசனைச் சுமக்கும். எனவே 15 கிராம் உள்ளவரின் குருதி 20 மில்லிலீற்றரைச் சுமக்க, 9 கிராம் உள்ளவரின் குருதி 12 மில்லிலீற்றரையே சுமக்கும்.

இக்குறைவை மற்றைய உறுப்புக்கள் ஒருவாறு தாங்கிக்கொள்ளும். உடல் ஓய்ந்திருக்கையில் அவை தம்மிடம் வரும் ஒட்சிசனிற் காற்பங்கு அளவையே எடுக்கின்றன. வேண்டுமாயின் மேலும் எடுக்கலாம். இருதயத் தசையோ ஓய்விலேயே நூற்றுக்கு எழுபது பங்கை எடுத்துவிடுகின்றது. அதற்கு இன்னும் ஒட்சிசன் வேண்டுமெனில், கூடுதலான குருதி பாய வேண்டும். நாடி குறுகியவர்க்கு அவ்வழியும் அடைபட்டதே. அன்றியும், சோகையுற்ற உடலுக்கு ஈடுசெய்ய இருதயம் விரைந்து துடிக்கின்றது. இடப்பக்கத் தசைக்குக் குருதி பெரும்பாலும் அது தளர்ந்திருக்கும் கணத்திலேயே பாயும். துடிப்பு விரைய, அக்கணஞ் சுருங்கும். வேலை கூடுகின்றது, கூலி வாங்கும் நேரமோ குறைகின்றது! இதனால், வெளித்தெரியாதிருந்த நாடிக்குறுக்கம் நோவாய் வெளிப்படலாம். குருதிக்கட்டி புதிதாய் அடையாமலே தசையின் ஒரு பகுதி மடிதலும் உண்டு.

இனி, இவ்விரு நோயையும் பிணைக்கும் மற்றொரு கண்ணியைக் காண்போம். குருதி உறையாதிருத்தற்பொருட்டு இருதய நோயாளர் பலர்க்கு அஸ்பிரின் கொடுக்கப்படுகின்றது. சிலர்க்கு இதனால் இரைப்பையிற் புண்ணுண்டாகிக் குருதி துளித்துளியாய்க் கசியும். மலங் கறுத்தால் ஐயுறலாம், கறுக்காமலுங் கசியும். மாதங்கள் செல்ல இரும்புச் சத்து வற்றிச் சோகை வரும். தணிந்திருந்த மார்பு நெரிவும் மீளும். நோயாளர் தம் நாடி மேலும் அடைபட்டதென்றே அஞ்சுவர். இத்தகையோர் அஸ்பிரினைத் தாமாகவே நிறுத்துதல் பேராபத்து. நாடியுட் கம்பிவலைக்குழாய் பொருத்தப்பட்டவர்க்கு அது உயிர்க்கே இறுதியாகலாம். வைத்தியரிடஞ் சென்று குருதியைச் சோதிப்பித்தலே வழி.

மருந்துக்கடையில் இரும்புச் சத்துப் பாணியை வாங்கி உண்டு, முகம் தெளிந்தது என்று மகிழ்வாரையும் நாம் கண்டிருக்கின்றோம். இவ்வழக்கம் நமக்கு உடன்பாடன்று. முதியவர்க்கு வருஞ் சோகை, குடலிலுள்ள புற்றுநோயின் முதற்குறியாகவும் இருத்தல் கூடும். சிறுநீரக நோயாலும் வரலாம். பாணி அக்குறியை மறைத்துவிடும்.

ஈமோகுளோபினை உயர்த்திவிட்டால் இருதயங் காக்கப்படுமா? நீரிழிவும் சிறுநீரக நோயும் சோகையும் உடைய 4,038 பேரிடம், செங்குருதிக் கலங்களைப் பெருக்கும் ஊசிமருந்தொன்று சோதிக்கப்பட்டு 2009 இல் முடிவு வெளியாயிற்று. இருதய நோய் குறையவில்லை. மூளைத் தாக்கோ ஏறக்குறைய இருமடங்காயிற்று. மாரடைப்புடன் சோகையும் உற்ற 3,504 பேரைக் கொண்ட ஆய்வொன்று 2023 இல் வெளிவந்தது. குருதியைத் தாராளமாக ஏற்றியவருள் நூற்றுக்கு 14.5 பேரும், அளவாய் ஏற்றியவருள் 16.9 பேரும் முப்பது நாளுள் இறந்தனர் அல்லது மீண்டும் மாரடைப்புற்றனர். இவ்வேறுபாடு ஐயத்திற்கு அப்பாற்பட்டதன்று, எனினும் புறக்கணிக்கத்தக்கதுமன்று. எண்ணை உயர்த்துவதினும் காரணத்தைத் தேடித் தீர்ப்பதே முதன்மையென்பது நம் கருத்து.

உணவைப் பற்றியும் ஒரு சொல். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு எளிதில் உடலிற் சேர்வதில்லை. தேசிக்காய்ப் புளியும் நெல்லியும் கொய்யாவும் அதற்குத் துணைபுரியும். சோறுண்ட கையோடு தேநீர் பருகும் நம்மவர் பழக்கம் அதனைத் தடுக்கும். ஒரு மணி நேரங் கழித்துப் பருகலாம்.